இரண்டு தரம் கேட்டார்

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆலன் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். எனக்கு மட்டும். அவர் எங்கள் மண் பரிசோதனைக்கூடத்தின் உரிமையாளர். அவரையும் சேர்த்து ஏழு பேர் வேலை செய்கிறோம். வரும் எட்டாம் தேதி ஞாயிறு மதியம் அவரும் மனைவி ஹிலரியும் ஊருக்கு வெளியே ஒரு பப்பில் சாப்பிடப் போகிறார்களாம். சாப்பிட்டபின் வயல்வழியே ஒரு நடை. நானும் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். கடைசி வரி: ‘அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்பதையும் அப்போது பேசலாம்.’

அந்த வரியைப் பதினொரு முறை படித்தேன்.

என் விசா அக்டோபர் 11 அன்று முடிகிறது. அதற்குள் கூடம் எனக்காக விண்ணப்பம் போட்டால் இங்கேயே இருக்கலாம். போடாவிட்டால் கிளம்ப வேண்டும். அதற்கான அரசு உரிமம் ஆலனிடம் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த ஒருவருக்காக வாங்கியது. நான் போய்க் கேட்டாலே போதும் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். பிப்ரவரியிலிருந்து கேட்கப்போகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஒருவர் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. குறையாக எழுதவில்லை. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று அறுபத்திரண்டு பை மண் வந்தது. அத்தனையும் ஈரம்.

ஆகஸ்ட் 28, புதன்

வருகிறேன் என்று பதில் எழுத முக்கால் மணி நேரம். மூன்று வரி.

செப்டம்பர் 1, ஞாயிறு

அம்மாவோடு பேசினேன். அங்கே மதியம், இங்கே காலை.

“மொதலாளி சோத்துக்குக் கூப்பிட்டாரா? அவிய ஊட்டுக்கா?”

“ஊட்டுக்கு இல்லீங்கம்மா. ஓட்டலுக்கு.”

“ஊடு இருக்கறப்ப ஓட்டலுக்கு எதுக்கு?”

“இங்க அப்படித்தானுங்க.”

“செரி. போன எடத்துல பறக்காவெட்டியாட்ட அள்ளிப் போட்டுக்காத சாமி. வளத்தவ என்ன வளத்தாளோம்பாங்க.”

எனக்கு ஆறு வயதிருக்கும்போது திருச்செங்கோட்டில் ஒரு பெரிய வீட்டு விசேஷத்தில், அந்த வீட்டம்மா தட்டை நீட்டியதுமே நான் ஒரு லட்டை எடுத்துவிட்டேன். “பசிச்ச புள்ள, பாவம்” என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அம்மா வீடு வரும்வரை பேசவில்லை. அதன்பிறகுதான் சட்டம் வந்தது. இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரமும் கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் தரம் கேட்காதவர்கள் கொடுக்கிற மனம் இல்லாதவர்கள், அவர்களிடம் வாங்கக்கூடாது. இந்தக் கணக்கு எங்கள் பக்கத்தில் எங்கும் தவறியதில்லை.

“அப்பா எங்கீங்கம்மா?”

“இருக்கறாரு. லீவுல.”

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். ஏப்ரலிலிருந்து லீவு. பின்னால் இருமல் கேட்டது. தண்ணீர் மாறியதில் வந்தது என்றார் அம்மா. தண்ணீர் மாறினால் இருமல் வரும்தான்.

“விசா எழுதிக் குடுத்துட்டாங்களா?” என்று அப்பாவே பின்னாலிருந்து கேட்டார்.

“எட்டாந்தேதி பேசறாங்கப்பா.”

செப்டம்பர் 5, வியாழன்

சொல்ல வேண்டிய வாக்கியம் ஆங்கிலத்தில் தயார். மண் உலர்த்தும் அடுப்பு இருக்கும் அறையில் ஒருவரும் வருவதில்லை. அங்கே நின்று சொல்லிப் பார்த்தேன். ‘எனக்கு இங்கேயே வேலை செய்ய விருப்பம். எனக்காக விண்ணப்பிக்க முடியுமா?’ அடுப்பிடம் சொல்லும்போது குரல் நன்றாக வருகிறது.

ஆனால் அவரே பேச்சை எடுக்கப்போகிறார் என்றால் நான் கேட்கத் தேவையே இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது வதனி அக்காவின் கடைக்கு மேலிருக்கும் அறை. பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் ஆலனின் கார் வந்தது. பின் இருக்கையில் பாதியை அவர்கள் நாய் பிப் பிடித்துக்கொண்டிருந்தது. “தள்ளிவிடு அதை, அதுக்கு மரியாதை தெரியாது” என்றார் ஹிலரி. நான் தள்ளவில்லை. போகும்வரை கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பப்பின் பலகையில் ஒரு கலப்பை வரைந்திருந்தது. உள்ளே தாழ்ந்த உத்தரங்கள், கணப்பு, ஞாயிறு உடுப்பில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். மேசைக்கு ஒருவரும் வந்து கேட்பதில்லை. ஆண்களில் ஒருவர் எழுந்து குடிவகைகள் இருக்கும் மேடைக்குப் போய் எல்லாருக்கும் சொல்லி வாங்கி வருகிறார்.

“மோ, உனக்கு என்ன குடிக்க?” என்றார் ஆலன். மோகனப்பிரியா என்ற என் பெயர் அவர்கள் வாயில் மோ ஆகிவிட்டது.

“ஒன்றும் வேண்டாம்.”

“ஒன்றுமேவா?”

“பரவாயில்லை, தண்ணீர் இருக்கிறதே.”

தண்ணீர் வந்தது. ஹிலரியின் ஆப்பிள் சாறு தங்க நிறத்தில் மேலே நுரையோடு இருந்தது.

சாப்பாட்டுக்கும் அப்படித்தான். மாடா, கோழியா, பன்றியா என்று ஆலன் கேட்டார். எதுவானாலும் சரி என்றேன். கோழி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆலன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்ட குரலில், “கவலைப்படாதே, உங்கள் ஆட்களுக்குத் தனியாக இருக்கிறது” என்று எழுந்துபோனார். எனக்கு வந்தது பருப்பும் கொட்டைகளும் அரைத்துச் சுட்ட ஒரு செங்கல். அவர்கள் இருவரின் தட்டிலும் பொன்னாக வறுத்த கோழி. வாரத்தில் நான்கு நாள் கோழி சமைக்கிறவள் நான். வதனி அக்காவிடம் சொன்னால் கடையை மூடிவிட்டுச் சிரிப்பார்.

ஆனால் செங்கல் மேல் ஊற்றிய குழம்பு நன்றாக இருந்தது. பணியாரத்தைக் கிண்ணம் அளவுக்கு ஊதிப் பெரிதாக்கியதுபோல் ஒன்றும் வைத்திருந்தார்கள். வறுத்த உருளைக்கிழங்கு இன்னொரு தட்டில் நடுவில் இருந்தது.

“இன்னும் எடுத்துக்கொள்” என்றார் ஹிலரி.

“போதும், வயிறு நிறைந்துவிட்டது.”

“அப்படியா” என்று தட்டைத் தன் பக்கம் இழுத்து நான்கு துண்டை எடுத்துக்கொண்டார். மிச்சம் இரண்டு ஆலனுக்கு. அவ்வளவு வேகம்.

அவர்கள் நல்லவர்கள். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மகன் நியூசிலாந்தில் இருக்கிறான் என்று ஹிலரி சொன்னபோது ஆலன் உப்புக்குப்பியை நகர்த்தி நகர்த்தி வைத்தார். என் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். நிலத்தில் துளை போடுகிறவர் என்றேன். “எவ்வளவு ஆழம்?” “ஆயிரம் அடிக்கு மேல்.” ஆலன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “கேட்டாயா ஹிலரி, ஆயிரம் அடி! நாம் ஆறு அங்குலம் தோண்டி அறிக்கை எழுதுகிறோம்.” மேசையில் மூவரும் சிரித்தோம். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார், நானும் அந்த மேசையைச் சேர்ந்தவள் என்பதுபோல.

பிறகு நடை. காரிலிருந்து ஹிலரி ரப்பர் பூட்ஸ் எடுத்தார். “சேறாக இருக்கும். ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது, வேண்டுமா?” “இல்லை, இதுவே போதும்.” துணிக் காலணியோடு நடந்தேன். முதல் வயலிலேயே உள்ளே நனைந்துவிட்டது.

அந்த நாட்டுப்புறத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. கோதுமை அறுத்த தாள், வேலி முழுக்கக் கறுத்த முள்பழம், மேகத்தின் நிழல் ஒரு சரிவைத் தடவிக்கொண்டு போனது. யாருடைய நிலமானாலும் நடுவில் நடந்துபோகப் பாதை உண்டு, நிலக்காரர் தடுக்க முடியாதாம். வேலி வந்தால் ஏறித் தாண்ட இரண்டு மரப்படி அல்லது ஒரு சின்ன வாயில் இருக்கிறது. ஓரிடத்தில் குனிந்து மண்ணை எடுத்து விரலில் உருட்டினேன். செங்களிமண். இதே நிலத்துப் பை மார்ச்சில் என் மேசைக்கு வந்தது நினைவிருந்தது. சுண்ணாம்பு போடச் சொல்லி அறிக்கை எழுதியது நான்தான். சொன்னேன். ஆலன் நின்று என்னைப் பார்த்தார். “உன்னைப்போல ஒரு ஆள் எனக்கு இருபது வருடத்தில் கிடைக்கவில்லை” என்றார்.

ஹிலரி நாயோடு முன்னால் போய்விட்டார். இரண்டாவது வாயிலருகே ஆலன் நின்றார்.

“அக்டோபர் வருகிறதே. உன் விசா. எங்களோடேயே இருக்க விருப்பமா? எழுத்து வேலையெல்லாம் நான் செய்கிறேன்.”

என் வாய் தானாகத் திறந்தது. அது அடுப்பறை வாக்கியம் இல்லை. “ஐயோ, எனக்காக நீங்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம்.”

“சிரமமெல்லாம் இல்லை. நிச்சயமாகத்தானா? வீட்டுக்குப் போகத்தான் ஆசையா?”

“வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள்.”

அது இரண்டாவது. எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. கேட்டுவிட்டார், இருமுறை கேட்டுவிட்டார், இனி ஒன்றுதான் பாக்கி. அடுத்த தரம் ‘சரி, உங்கள் விருப்பம்’ என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“சரிதான்” என்றார் ஆலன். வாயிலைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டார். மேலே வட்டமிட்ட ஒரு பருந்தைக் காட்டினார்.

அதன்பிறகு நான்கு வாயில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நான் மெதுவாக நடந்தேன். அவற்றில் மூன்றாவதில் காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்து நின்றேன். அவர் காத்திருந்தார். காத்திருந்து, “கால் நனைந்துவிட்டதா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

அவர் அலுவலகத்தில் கேட்பார். வெளியில் பேசியதை அலுவலகத்தில் உறுதி செய்வதுதான் முறை.

செப்டம்பர் 10, செவ்வாய்

கேட்கவில்லை. நிறைய வேலை இருந்தது அவருக்கு.

செப்டம்பர் 11, புதன்

அலுவலகத்தைக் கவனிக்கும் டோனா என் மேசைக்கு ஒரு தாளைக் கொண்டுவந்தாள். “மோ, விளம்பரத்துக்கு எழுதியிருக்கிறேன். இதைச் சரியாகத் தெரிந்தவள் நீதான். பார்த்துத் திருத்திக் கொடேன்.”

என் வேலைக்கான விளம்பரம். ஆள் தேவை. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கவும்.

மண் மாதிரியைச் சலிப்பதை அவள் எழுதவில்லை. சேர்த்தேன். பாஸ்பரஸ் அளவிடுவதைத் தப்பாக எழுதியிருந்தாள். திருத்தினேன். ‘பொறுமையும் கவனமும் உள்ளவராக இருத்தல் நலம்’ என்று நானே ஒரு வரி சேர்த்தேன். “ஆகா, அச்சாக நீயே!” என்றாள் டோனா. “நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அம்மா சமையல், இல்லையா?”

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பால் வாங்கக் கீழே இறங்கினேன். வதனி அக்கா கல்லாவிலிருந்தே என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் எங்கள் இருவரைத் தவிரத் தமிழ் பேச ஆளில்லை.

“என்ன பிள்ளை, நாலு நாளா முகம் கறுத்துக் கிடக்கு? அந்தாள் விசாவைப் பற்றிக் கேட்டவரோ இல்லையோ?”

“கேட்டாருங்கக்கா.”

“பிறகென்ன? நீர் என்ன சொன்னனீர்?”

சொன்னேன். பால் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“விசரே உமக்கு?” பைத்தியமா என்று கேட்கிறார்.

“மூணாவது தரம் கேப்பாருன்னு...”

“மூண்டாந்தரமோ! இஞ்ச ஒருக்கா வேண்டாம் எண்டா வேண்டாம்தான் பிள்ளை. திருப்பித் திருப்பிக் கேட்டா மரியாதைக்குறைவு எண்டு நினைக்கிற சனம். நான் வந்த புதுசில பக்கத்து வீட்டு மனிசி தேத்தண்ணி குடிக்கிறியோ எண்டு கேட்டவ. வேண்டாம் எண்டன். பதினெட்டு வருஷம். அவ இன்னும் கேக்கேல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

“நாளைக்குக் காலமை போய் வாயைத் திறந்து சொல்லும். எனக்கு வேணும் எண்டு. அவ்வளவுதான். ரெண்டு சொல்லு.”

செப்டம்பர் 13, வெள்ளி

ஆலன் அறை வாசல்வரை போனேன். தொலைபேசியில் இருந்தார். கையால் உள்ளே வரச்சொன்னார். பேசி முடித்து, “என்ன மோ?” என்றார்.

“புதுச் சல்லடை வாங்க வேண்டும். பழையதில் ஓட்டை.”

“வாங்கிவிடு. ஞாயிறு நீ வந்ததில் ஹிலரிக்கு ரொம்ப சந்தோஷம்.”

சல்லடையில் ஓட்டை உண்மைதான்.

செப்டம்பர் 16, திங்கள்

வதனி அக்கா கேட்பார் என்று பின்வாசல் வழியாக ஏறினேன்.

செப்டம்பர் 18, புதன்

மறுபடி போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. தட்டினால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? எங்கள் ஊரில் மூன்று தரம் கேட்பார்கள் என்றா? ஆசைப்பட்டுவிட்டு ஆசையில்லாததுபோல் நின்றேன் என்றா?

செப்டம்பர் 19, வியாழன்

நேர்காணலுக்கு ஒரு பெண் வந்தாள். பெத்தன். வேல்ஸ் எல்லைப் பக்கம் பண்ணைக்காரர் மகள். கூடத்தைச் சுற்றிக் காட்டும்படி ஆலன் என்னிடம் விட்டார்.

“தேநீர் போடட்டுமா?” என்று கேட்டேன்.

“அப்பாடா, உயிர் வந்தது! போடு, சர்க்கரை இரண்டு. அந்த பிஸ்கட் யாருடையது? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.” மூன்று எடுத்துக்கொண்டாள்.

அவளை எனக்குப் பிடித்துப்போனது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சம்பளம், விடுமுறை, காலையில் அரைமணி தாமதமாக வரலாமா என்பதுவரை ஆலனிடமே கேட்டாளாம். அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி என்றாராம். டோனா சொன்னாள்.

செப்டம்பர் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

நேற்று வதனி அக்கா பின்வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “நாளைக்குச் சொல்லேல்லை எண்டா நான் வந்து சொல்லுவன், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிவாற மாதிரி” என்றார். அந்தப் பயத்தில்தான் போனேன்.

கதவைத் தட்டினேன். உட்காரவில்லை. அடுப்பறை வாக்கியத்தை அப்படியே சொன்னேன், ஒரு சொல் மாறாமல்.

ஆலன் கண்ணாடியைக் கழற்றினார்.

“பெத்தன் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டாள், மோ. இரண்டு பேருக்கு இங்கே வேலை இல்லையே. இருந்தால்...” நிறுத்திக்கொண்டார். “ஏன் சொல்லவில்லை? நான் கேட்டேனே. அந்த வாயில் பக்கத்தில். இரண்டு தரம் கேட்டேன்.”

ஆமாம், இரண்டு தரம்தான் கேட்டீர்கள்.

சொல்லவில்லை. “என் தப்புத்தான், மன்னியுங்கள்” என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தெரிந்த வேறு கூடங்களுக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். பதினாறு நாளில் ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “சிரமப்பட வேண்டாம்” என்றேன். இந்தமுறை அவர், “இல்லை, எழுதத்தான் போகிறேன்” என்றார்.

பிற்பகல் நாற்பது பை சலித்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

மூன்று கூடங்களுக்கு எழுதினாராம். இரண்டு பதில் வந்தது. மரியாதையான பதில்கள்.

அக்டோபர் 4, வெள்ளி

கடைசி நாள். கேக் வெட்டினார்கள். டோனா அழுதாள். ஆலன் பேசுவதாக இருந்து பேசவில்லை. கையைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஹிலரி ஓர் அட்டை அனுப்பியிருந்தார். ‘எப்போது வந்தாலும் ஞாயிறு மதியம் நம் மேசையில் உனக்கு இடம் உண்டு.’ அவர் அதை நிஜமாகத்தான் எழுதியிருக்கிறார்.

பெத்தனுக்காக ஏழு பக்கக் குறிப்பு எழுதி மேசையில் வைத்தேன். எந்தப் பண்ணைக்காரர் பையில் பெயர் எழுதமாட்டார் என்பதுவரை.

புதனுக்கு டிக்கெட்.

அக்டோபர் 6, ஞாயிறு

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. காலையில் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

“வர்ற வியாழக்கெழம காலைல வந்து எறங்கறங்கம்மா.”

“லீவா சாமி?”

“இல்லீங்கம்மா. மொத்தமாவே வாரேன்.”

பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் ஒலி.

“வேலைய உட்டுத் தூக்கிட்டாங்களா?”

“அய்யோ, இல்லீங்கம்மா. அவங்க இருக்கச் சொன்னாங்க. எல்லா எழுத்து வேலையும் நானே பாக்கறேன்னாரு மொதலாளி. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

ஒரு பொய்யும் இல்லை அதில்.

அம்மா மூச்சு விட்டது கேட்டது. “அப்படீன்னா செரி. நாளைக்கு நாலு பேரு கேட்டா சொல்றதுக்காச்சு. அவிய கூப்பிட்டும் நம்ம புள்ளதான் வந்துருச்சுன்னு.” அவர் குரலில் பெருமைகூட இருந்தது, அல்லது அப்படி வைத்துக்கொண்டார். “பக்கத்துல இருந்தாத் தேவலதான். அப்பாவ வாராவாரம் சேலத்துக்குக் கூட்டீட்டுப் போவோணும், ஆளு வேணும்.”

“சேலத்துக்கு எதுக்குங்கம்மா?”

“ஒண்ணுமில்ல. சும்மா. மூச்சுக்கு ஒரு மெசின் வெக்கறாங்க.” பிறகு வேறு பக்கம் திரும்பி, “இந்தாங்க, நீங்களே கேளுங்க” என்றார்.

அப்பா போனில் வந்தால் எப்போதும் சாப்பிட்டாயா என்பார், வைத்துவிடுவார். இன்று வந்ததும் இருமினார். நின்றபின் பேசினார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி.

“அவங்களே இருக்கச் சொன்னாங்களா?”

“ஆமாங்கப்பா.”

“நீதான் வேண்டாம்னியா?”

“ஆமாங்கப்பா.”

“ஏஞ்சாமி?”

ஜன்னலுக்குக் கீழே வதனி அக்கா கடையின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“ஏஞ்சாமி வேண்டாம்னே?”

“அப்பா, சிக்னல் சரியில்லீங்க. கேக்கல.”

“எனக்கு நல்லாக் கேக்குதே” என்றார் அப்பா.